வாத்தியார் போட்ட எறும்பு

கொடிக்கால்புரத்தில் எறும்புகள் நடக்கத் தொடங்கிய கதையைச் சொல்லவேண்டுமானால், அவை நடக்காமல் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்துதான் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் அங்கே ‘முள்’ என்றொரு பத்திரிகை வெள்ளிக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்தது. நாலே பக்கம், பழுப்புத் தாள், தொட்டால் விரலில் மை ஒட்டும். முன்பக்கத்தில் பாதிக்குமேல் ஒரு கேலிச் சித்திரம் இருக்கும். படம் போட்டவர் உயர்நிலைப்பள்ளி டிராயிங் மாஸ்டர் குற்றாலிங்கம். பள்ளிக்கூட வாத்தியார் பேர் போட்டு மந்திரியைக் கேலிசெய்தால் மறுநாள் வேலை இருக்காது என்பதால், பேருக்குப் பதிலாகப் படத்துக்குள் எங்காவது ஒரு எறும்பை வரைந்துவிடுவார். ஆறு கால், இரண்டு மீசை, நசுக்கிய கடுகளவு உடம்பு, அவ்வளவுதான்.

முதல் வருஷத்தில் அந்த எறும்பு எதேச்சையாகச் சேர்மன் துண்டின்மேல் உட்கார்ந்தது, ரெண்டு மாசத்தில் கண்மாய் மடைக்கதவு மரம் சேர்மன் வீட்டுத் தொழுவத்திலிருந்து எடுக்கப்பட்டது. இன்னொரு வாரம் எதேச்சையாக ரேஷன்கடைக்காரர் காதில் உட்கார்ந்தது, அடுத்த மாசமே அவர் சீனி மூட்டையோடு சாத்தூர் ரோட்டில் பிடிபட்டார். ரெண்டு தடவை நடந்ததை மூணாவது தடவை சட்டமாக்கிக்கொள்வது அந்த ஊர் வழக்கம். அதற்குப் பிறகு டீக்கடையில் பத்திரிகையை விரித்தால் யாரும் படத்தைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் படிப்பதில்லை, “எறும்பு எங்கடே?” என்றுதான் முதல் கேள்வி. எறும்பு யார்மேல் உட்கார்ந்திருக்கிறதோ அவன் குற்றவாளி. அதற்குமேல் ஊருக்குக் கோர்ட்டும் தேவையில்லை, கச்சேரியும் தேவையில்லை.

வாத்தியார் இப்படியொரு விதியை யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் ஊர் அப்படிப் படிக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் எறும்பை எதேச்சையாக வைத்ததுமில்லை.

பத்திரிகை வந்ததும் முதல் பிரதியை வாங்கிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போகிற ஆள் ஒருவர் இருந்தார். நூல் மில்லில் வேலைபார்த்த சப்பாணிமுத்து. ரெண்டுபேரும் ஒரே தெருவில் பிறந்து, ஒரே கிணற்றில் நீச்சல் பழகி, ஒரே நாளில் காதுகுத்திக்கொண்டவர்கள். சப்பாணிமுத்து படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: “எறும்பு நல்லா வந்திருக்கு, குத்தாலம்.” பிறகு ரெண்டுபேரும் டீ குடிப்பார்கள். கூடவே போன மகள் பேராச்சிக்கு ஒரு முறுக்கு கிடைக்கும்.

பேராச்சிக்கு ஒன்பது வயசாகும்போது மில்லில் வேலைநிறுத்தம் வந்தது. அறுபத்து மூணு நாள் நடந்தது. நடத்திய கமிட்டியில் ஐந்துபேர். அவர்கள் யார் யார் என்று தொழிலாளிகளுக்கே சரியாகத் தெரியாது, அவ்வளவு ரகசியம். அறுபத்து நாலாவது நாள் மில் கேட்டில் போலீஸ் நின்றுகொண்டு, ஆயிரத்து இருநூறுபேர் கூட்டத்திலிருந்து சரியாக நாலுபேரை மட்டும், அரிசியிலிருந்து கல்லைப் பொறுக்குவதுபோல, பொறுக்கி எடுத்துக்கொண்டு போனது. நாலுபேரில் ஒருவர் திரும்பி வரவில்லை. ஒருவர் திரும்பி வந்தபோது நடக்கமுடியவில்லை. வேலைநிறுத்தம் அன்றைக்கே முடிந்துபோனது. ஐந்தாவது ஆளான சப்பாணிமுத்துவை மட்டும் ஒரு போலீஸ்காரரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ‘முள்’ வந்தது. வட்டமேசை, சுற்றி ஐந்துபேர், நாலுபேர் கையில் விலங்கு, ஐந்தாவது ஆள் கையில் டீ கிளாஸ். கீழே ‘மிச்சம் ஒருவர்’ என்று எழுதியிருந்தது. எறும்பு சப்பாணிமுத்துவின் இடது தோளில் உட்கார்ந்திருந்தது.

ஊர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை, கல்லெறியவில்லை. அவர் டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துபோனார்கள், அவர் தண்ணீர்ப்பம்புக்குப் போனால் குடங்கள் விலகின, அவர் எதிரே வந்தால் கண்ணில் தூசி விழுந்ததுபோல எல்லோரும் கண்ணைக் கசக்கினார்கள். ஆறாம் நாள் அவர் வாத்தியார் வீட்டுக்குப் போனார். வாத்தியார் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

“நான் போடலடா சப்பாணி. அவசரத்துல எறும்பே போடாம பஸ்ல குடுத்து அனுப்பிட்டேன். மதுரையில பிளாக் பண்றவன், வழக்கமா எறும்பு இருக்குமே, காணுமேன்னு அவனா ஒண்ணு கீறி வச்சிட்டான். படுபாவி உன் தோள்ல கொண்டுபோய் வச்சிட்டான்.”

அந்தக் காலத்தில் படத்தை மதுரைக்கு அனுப்பித் துத்தநாகத் தகட்டில் அச்சுப் பிளாக் செய்துதான் வாங்குவார்கள் என்பதால் இது நம்பக்கூடியதாகத்தான் இருந்தது. சப்பாணிமுத்து நம்பினார். “சரி, நான் போய் அவங்கிட்டயே எழுதி வாங்கிட்டு வந்திருதேன். ஊருக்குக் காட்டணும்ல” என்று காலை பஸ்ஸில் ஏறினார். பேராச்சி பஸ் ஸ்டாண்டில் நின்று கையாட்டினாள். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “முறுக்கு வேணுமா, சேவு வேணுமா?” என்று கேட்டார். அவள் முடிவுசெய்வதற்குள் பஸ் திரும்பிவிட்டது. அந்த பஸ் சாயங்காலம் திரும்பி வந்தது, மறுநாளும் வந்தது, நாற்பத்து நாலு வருஷமாக வந்துகொண்டிருக்கிறது. அவர் வரவில்லை.

அதன்பிறகு அம்மாவோடு தனித்து நின்ற பேராச்சியைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தது வாத்தியார், பீஸ் கட்டியது வாத்தியார், ஊர் நூலகத்தில் வேலைக்குச் சொல்லிவிட்டது வாத்தியார், கல்யாணத்தில் தகப்பன் இடத்தில் நின்று தாரைவார்த்துக் கொடுத்ததும் வாத்தியார்தான். அவள் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டாள். யாராவது அவள் காதுபட எறும்புப் பேச்சை எடுத்தால், “அது சித்தப்பா போட்டதில்ல, மதுரை பிளாக்காரன் போட்டது” என்று சண்டைக்குப் போவாள். முகம்கூடத் தெரியாத அந்த மனுஷனை அவள் விளக்கேற்றும்போது சபித்தாள், உலை வைக்கும்போது சபித்தாள், அவன் செத்திருப்பான் என்று கணக்காகத் தோன்றிய பிறகும் விடாமல் சபித்தாள்.

‘முள்’ பதினோரு வருஷம் வந்து நின்றது. நின்ற பிறகு அத்தனை இதழ்களையும் தேடிச் சேர்த்துக் காலிகோ துணி ஒட்டி நாலு தொகுதியாகப் பைண்டு செய்து, வேப்பிலை போட்டு, நூலகத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பாதுகாத்தவள் பேராச்சி. ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அவள் பசை தடவி அடுத்த பக்கத்தோடு ஒட்டிவிட்டிருந்தாள். அது எந்தப் பக்கம் என்று சொல்லவேண்டியதில்லை.

வாத்தியாருக்கு எண்பது வயசு நிறையப்போகிறது, ஊர் சேர்ந்து விழா எடுக்கவேண்டும், அதற்குமுன் பத்துநாள் நூலகத்தில் படங்களை எல்லோரும் பார்க்கிறமாதிரி விரித்துவைக்கவேண்டும் என்று கவுன்சிலர் தங்கமாரி வந்து சொன்னபோது, பேராச்சி ஈரத்துணியை வைத்து, இஸ்திரிப்பெட்டியை லேசாகத் தடவி, முப்பது வருஷமாக ஒட்டியிருந்த பக்கத்தைப் பிரித்தாள். பசை மஞ்சளாகிப் போயிருந்தது. அப்பா டீ கிளாஸோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவளைவிட ரொம்பச் சின்னவராக இருந்தார். தோளில் எறும்பும் இருந்தது. தொகுதிகளைத் தையல் பிரித்துத் தாள்தாளாக மேசைகளில் பரப்பி, கண்ணாடி போட்டு மூடினாள்.

இரண்டாம் நாள் காலையில் எறும்புகள் நடக்கத் தொடங்கின.

முதலில் சேர்மன் துண்டிலிருந்த எறும்பு இறங்கிப் படத்தின் கட்டத்தைத் தாண்டி, கண்ணாடி விளிம்பில் ஏறி, மேசைக்காலில் இறங்கி, வாசற்படியைக் கடந்து தெருவுக்குப் போனது. அதன் பின்னால் தாசில்தார் கண்ணாடியிலிருந்த எறும்பு போனது. அதன் பின்னால் இன்னும் முப்பது, நாற்பது. தட்டையாக இருந்தன, நிழல் விழவில்லை, கிட்டத்தில் குனிந்தால் மண்ணெண்ணெயும் அச்சுமையும் கலந்த வாசனை வந்தது. தண்ணீர் பட்டால் கலையவில்லை. சீனி போட்டால் திரும்பவில்லை. எறும்புச் சாக்பீஸால் கோடு போட்டார்கள். அவை அந்தக் கோட்டின்மேலேயே வரிசையாக நடந்தன.

“பாவம், எம்புட்டு வருஷமா ஒரே இடத்துல உக்காந்திருக்கும், கால் மரத்துப்போகாதா?” என்றாள் டீக்கடை உச்சிமாகாளி. அதற்குமேல் அந்த ஊர் காரணம் தேடவில்லை. தெருக்கூட்டுகிறவர்கள் எறும்பு வரிசையைச் சுற்றிக் கூட்டினார்கள். டவுன்பஸ் டிரைவர் வரிசை கடக்கும்வரை வண்டியை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். காவல் நிலையத்துக்கு ஒரு எறும்பு போய்ச் சேர்ந்தது. ஏட்டு அது வந்த நேரத்தை நாட்குறிப்பில் எழுதி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு எஸ்.ஐ. கையெழுத்தும் வாங்கிவைத்தார்.

எங்கே போகின்றன என்பது மூணாம் நாள்தான் புரிந்தது. சரியான ஆள்மேல் உட்கார்ந்த எறும்பு எதுவும் அசையவில்லை. தவறான ஆள்மேல் உட்காரவைக்கப்பட்டவை மட்டும்தான் இறங்கிச் சரியான ஆளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன. ஆள் செத்துப்போயிருந்தால் சுடுகாட்டு வேலி வரைக்கும் போய் அங்கே காணாமல் போயின. உயிரோடிருந்தால் வீட்டுக்குள் போய், சட்டையில் ஏறி, காலர்பக்கமோ பைப்பக்கமோ ஓரிடம் பிடித்து உட்கார்ந்து வெறும் மையாகிவிட்டன. சட்டையை மாற்றினால் அந்தச் சட்டைக்கும் மாறின. சட்டையே போடாமல் இருந்தால் தோலில் உட்கார்ந்தன.

பழைய சேர்மன் குடும்பம் வெடி போட்டு மிட்டாய் கொடுத்தது. “மடைக்கதவ எடுத்தது எங்க தாத்தா இல்லன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?” என்று பேரன் தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு போனான். அந்த எறும்பு போய் உட்கார்ந்தது ரிட்டயர்டு ஓவர்சியர் மேல். ஓவர்சியர் மூணு நாள் வெளியே வரவில்லை. அவர் மனைவிதான், “வெளிய போயிட்டு வாங்க, உங்களுக்கு ஒண்ணுதான். எதுத்த வீட்டு அண்ணாச்சிக்கு மூணு” என்று தைரியம் சொல்லி அனுப்பினாள்.

ஜவுளிக்கடை பிச்சையாவிடம் கறுப்புச் சட்டை எல்லாம் விற்றுத் தீர்ந்தது. “மாலை போடுற சீசன்கூட இல்லையே, என்னவே ஊரே கறுப்புல திரியுது?” என்று வெளியூர் சரக்கு வண்டிக்காரன் கேட்டான். பிச்சையா அன்று முழுக்க யோசித்தார். அவர்மேலும் ஒன்று உட்கார்ந்திருந்தது. மறுநாள் திருப்பூருக்கு ஆள் அனுப்பி, வெள்ளைத் துணியில் அங்கங்கே எறும்பு அச்சடித்துச் சட்டையும் ரவிக்கைத் துணியும் வரவழைத்து, ‘வாத்தியார் எண்பதாம் ஆண்டு விழா ஸ்பெஷல்’ என்று போர்டு மாட்டினார். ரெண்டு நாளில் ஊர் முழுக்க எறும்புச் சட்டை. குற்றம் செய்தவரும் வாங்கினார், செய்யாதவரும் வாங்கினார், வாத்தியார்மேல் அபிமானத்தில் வாங்கியவர்கள்தான் அதிகம். எது வந்து உட்கார்ந்த எறும்பு, எது பிச்சையா விற்ற எறும்பு என்று யாராலும் சொல்லமுடியாமல் போனது. ஊர் நிம்மதியாக மூச்சுவிட்டது.

இத்தனை நாளும் பேராச்சி ஒரே மேசைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களுக்குக் கையெழுத்து நோட்டைக் காட்டுவாள், பிள்ளைகள் கண்ணாடியில் சாயாமல் விரட்டுவாள், பிறகு மறுபடியும் அந்தத் தோளையே பார்ப்பாள். மற்ற எறும்புகள் போய்க்கொண்டே இருந்தன. அப்பாவின் எறும்பு அசையவில்லை. ஐந்தாம் நாள் அசையவில்லை, ஏழாம் நாள் அசையவில்லை. எட்டாம் நாள் வந்த ஒரு கிழவர், மில்லில் வேலைபார்த்தவர், படத்தைப் பார்த்துவிட்டு, “அதான் சரியாத்தான உக்காந்திருக்கு” என்று அவளுக்குக் கேட்கிறமாதிரியே சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு முதல்முறையாகப் பேராச்சிக்கு அப்பாமேல் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தோடு அவளால் சோறு சாப்பிட முடியவில்லை.

பத்தாம் நாள், விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு எறும்பு ஒரு மீசையைத் தூக்கியது.

பேராச்சி மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணாடியைத் தூக்கிவிட்டாள். அது தோளிலிருந்து கை வழியாக இறங்கியது, டீ கிளாஸைச் சுற்றிப் போனது, விலங்கு மாட்டிய நாலுபேர் மடியையும் ஒவ்வொன்றாகக் கடந்தது, கட்டத்தைத் தாண்டியது. அவள் சத்தம்போட்டு யாரையாவது கூப்பிட வாசலுக்கு ஓடினாள். ஒருத்தரும் இல்லை, ஊரே மைதானத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்து நூலகத்தைப் பூட்டினாள், குடையை எடுத்தாள், எறும்புக்குப் பின்னால் நடந்தாள். வெயிலில் மை காய்ந்துவிடுமோ என்று பயந்து குடையைத் தனக்குப் பிடிக்காமல் அதற்குப் பிடித்தாள்.

கொடிக்கால்புரம் கடைத்தெரு கால் மைல்கூட இருக்காது. அதைக் கடக்க எறும்புக்கு ரெண்டு மணி நேரம் ஆனது.

“என்ன பேராச்சி, நாயக் கூட்டிட்டுப் போறவுக உண்டு, நீ எறும்பக் கூட்டிட்டுப் போறியாக்கும்?” என்றாள் உச்சிமாகாளி.

“எங்க அப்பா மேல இருந்தது மதினி. இறங்கிட்டு.”

உச்சிமாகாளி டீ ஆற்றுவதை நிறுத்தினாள். “எங்க போகுது?”

“மதுரைக்குத்தான். வேற எங்க? அந்தப் பிளாக்காரன் வீட்டுக்கு.”

“மதுரைக்கு நடந்தேவா? சித்திரைக்குத்தான் போய்ச் சேரும்” என்று சொன்னாலும், அவள் கடையைவிட்டு இறங்கி வந்து எறும்புக்கு முன்னால் கிடந்த எச்சில் இலையைக் காலால் ஒதுக்கிவிட்டாள்.

பேராச்சிக்குள் அப்போது பெரிய சந்தோஷம் பொங்கிக்கொண்டிருந்தது. மதுரை வரைக்கும் நடந்தாலும் சரி, பின்னாலேயே போவது, அந்தப் பிளாக்காரன் கல்லறையில் இருந்தாலும் சரி, காரைவீட்டில் இருந்தாலும் சரி, எறும்பு அவன்மேல் உட்காருவதைக் கண்ணால் பார்ப்பது, வந்து நாளை மேடையில் சித்தப்பா பக்கத்தில் நின்று மைக்கில் சொல்வது. அப்பா பேரை ஊர் முன்னால் ஒருதடவை சத்தமாகச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

எறும்பு பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. மதுரை பஸ் நின்றுகொண்டிருந்தது. அது நேராக பஸ்ஸைப் பார்த்துப் போனது. பேராச்சிக்கு அழுகை வந்துவிட்டது.

“மதுரை, மதுரை! ஏறுதீங்களாம்மா?” என்றான் கண்டக்டர்.

“ஏறணும் தம்பி. அது ஏறட்டும், நானும் ஏறுதேன்.”

கண்டக்டர் கீழே பார்த்தான். அவன் உள்ளூர்ப் பையன். விசில் அடிக்காமல் காத்திருந்தான். எறும்பு படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றது. மீசையை ஆட்டியது. பிறகு பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் போய், வெளியேறுகிற வாசல் வழியாகத் தோப்புத் தெருவில் திரும்பியது.

“அது ஏறலியேம்மா” என்றான் கண்டக்டர்.

தோப்புத் தெருவில் இருபுறமும் காலி மனைகள்தான். கடைசியில் ஒரே ஒரு வீடு. அந்த வீட்டுக்கு அவள் நாற்பத்து நாலு வருஷமாகத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய் விழுந்து கும்பிட்டு வருகிறாள். பேராச்சி தெருமுனையில் நின்றுவிட்டாள். எறும்பு குடை நிழலைவிட்டு வெளியே போய் வெயிலில் நடந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் குடையை மடக்கிக்கொண்டு பின்னால் போனாள். இப்போது அதற்குப் பிடிக்கத் தோன்றவில்லை.

வாத்தியார் வாசல் அறையில் சாய்வுநாற்காலியில் இருந்தார். நாளைக்குப் போட்டுக்கொள்ள பிச்சையா கொடுத்தனுப்பிய எறும்புச் சட்டையைப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

“வா தாயி. கை கொஞ்சம் நீளமோ, பாரு” என்றவர், அவள் பார்க்கிற இடத்தைத் தானும் பார்த்தார்.

எறும்பு படி ஏறி, தரையைக் கடந்து, நாற்காலிக்காலில் ஏறி, வேட்டி மடிப்பில் ஏறி, அவர் வலது கைக்கு வந்தது. பேனா பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன ஆள்காட்டி விரலில், நகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அசையாமல் மையானது. அவர் உதறவில்லை. வருமென்று ரொம்ப நாளாகத் தெரிந்த விருந்தாளி வந்துவிட்டதுபோல விரலை மட்டும் லேசாக மடக்கிக்கொண்டார்.

“பிளாக்காரன் போட்டதுன்னு சொன்னீங்களே, சித்தப்பா.”

“அவன் நல்ல மனுஷன் தாயி. பதினோரு வருஷத்துல என் படத்துல ஒரு கோடு மாத்தினதில்ல.”

“அப்ப பட்டியல் குடுத்தது?”

“பட்டியல் யாரும் குடுக்கல.” அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். “பேரு சொல்ல மாட்டேன்னுட்டேன். மில் மேனேஜர் இந்த நாற்காலிக்கு எதுத்தாப்புல உக்காந்து மோர் குடிச்சான். பேரு வேண்டாம் வாத்தியாரே, நீங்க படம் போடுறவுக, கமிட்டி ஆளுக மூஞ்சிய மட்டும் போட்டுக் குடுங்க, உங்க எறும்பு யாருன்னு பள்ளிக்கூடத்து நிர்வாகத்துக்கு நான் சொல்லாம இருக்கேன்னான். உங்க அப்பன் எங்கிட்ட எதையும் மறைச்சதில்ல, கமிட்டி ஆளுக எனக்குத் தெரியும். போட்டுக் குடுத்தேன். போலீஸ்காரன் அந்தப் படத்தைக் கையில வச்சுக்கிட்டுத்தான் கேட்டுல நின்னான்.”

பேராச்சி குடையைக் கீழே வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள்.

“நாலு பேரைத்தான் போட்டேன் தாயி. உங்க அப்பனைப் போடல. அவன் மூஞ்சிதான் எனக்கு யோசிக்காமலே கையில வரும். அவனைக் காப்பாத்தணும்னுதான் போடல.”

“அவர் ஒருத்தர் மட்டும் எப்படித் தப்பிச்சார்னு ஊர் கேட்டுச்சே.”

“கேட்டுச்சு. ஒவ்வொருத்தனும் ஒவ்வொருத்தனைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை எறும்பு எங்க உக்காரும்னு காத்துக்கெடந்தான். எங்கயாவது உக்கார வைக்கணும்ல தாயி. வைக்காட்டா அது என்னையத் தேடி வந்திருக்கும்.”

அவர் எழுந்து, தள்ளாடிப் போய் அலமாரியைத் திறந்து, வேட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்துக் கொடுத்தார். மதுரைத் தபால் முத்திரை குத்தியிருந்தது. உள்ளே கெட்டித்தாளில் வாத்தியார் கையால் வரைந்த அசல் படம்: வட்டமேசை, ஐந்துபேர், டீ கிளாஸ். தோளில் எறும்பு, அவருடைய மையில், அவருடைய நிப்பில். பிளாக்காரன் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை, அசலையே எடுத்துக் காட்டியிருக்கிறான். பேராச்சி தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் பென்சிலில், அப்பாவின் கோணல் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது.

எறும்பு நல்லா வந்திருக்கு, குத்தாலம்.

அவள் அதை மூணு தடவை படித்தாள். ஊர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுத்தான் அப்பா திரும்பவில்லை என்று அவளும் அம்மாவும் நினைத்து நினைத்து ஊரைக் கரித்துக்கொட்டினார்களே, அவருக்கு ஊர் ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. ஊருக்கு எதிரே நின்றிருப்பார். திரும்பி வந்தால் வெள்ளிக்கிழமை இந்த வீட்டு வாசலில்தானே வந்து நிற்கவேண்டும், அதுதான் அவரால் முடிந்திருக்காது.

“இதை எங்கிட்ட எப்பக் குடுக்கணும்னு வச்சிருந்தீங்க?”

“நீ பத்தாவது முடிக்கட்டும்னு இருந்தேன். பெறகு வேலை கெடைக்கட்டும்னு. பெறகு கல்யாணம் முடியட்டும். பெறகு உங்கம்மா இருக்கா, அவ காலம் போகட்டும்னு...”

“அம்மா போய் ஒம்பது வருஷம் ஆச்சு.”

அவள் கவரை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் அவர் குரல் கேட்டது.

“நாளைக்கு வருவியா, தாயி?”

“பொன்னாடை நான்தான போத்தணும்” என்றாள் பேராச்சி. “நோட்டீஸ்ல போட்டிருக்கு.”

மறுநாள் மைதானம் நிறைந்திருந்தது. மேடையிலும் கீழேயும் எங்கு பார்த்தாலும் எறும்புச் சட்டை. தங்கமாரி எறும்பு ரவிக்கை போட்டிருந்தாள். ஓவர்சியர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார். நடக்கமுடியாமல் திரும்பி வந்த அந்த ஒருவர்கூட, மகன் தூக்கிக்கொண்டு வந்து வைத்த நாற்காலியில், எறும்புச் சட்டையோடு உட்கார்ந்து வாத்தியாரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பேசியவர்கள் எல்லோரும் அந்த எறும்பு ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்றார்கள். வாத்தியார் வலது கையை மடியில் இடது கைக்குள் பொத்தி வைத்திருந்தார்.

“அய்யா வளர்த்த பிள்ளை, நம்ம நூலகத்து அம்மா பேராச்சி, இப்ப பொன்னாடை போர்த்துவாங்க” என்று மைக்கில் சொன்னார்கள்.

பேராச்சி மேடை ஏறினாள். இடுப்பில் கவர் இருந்தது. ராத்திரி முழுக்க அவள் சேர்த்துவைத்த வார்த்தைகள் வாயில் இருந்தன. மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். ஆயிரக்கணக்கான எறும்புகள், எல்லோர் நெஞ்சிலும், எல்லோர் முதுகிலும். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துபோனது: வாத்தியார் விரலில் எறும்பு உட்கார்ந்திருக்கிறது என்று அவள் இப்போது சொன்னால், சட்டையிலிருந்து சாயம் ஒட்டியிருக்கும் என்பார்கள். கவரைக் காட்டினால், ஆமாம், அவர் போட்டதுதானே, அதுதானே சரி என்பார்கள். ஒரு காலத்தில் ஒரே ஒரு எறும்பை வைத்து ஒரு மனுஷனைத் தீர்த்துக்கட்டத் தெரிந்த ஊருக்கு, இத்தனை எறும்பை வைத்துக்கொண்டு ஒருத்தனைக்கூடத் தெரியவில்லை.

பொன்னாடையை விரித்து அவர் தோளில் போர்த்தினாள். இடது தோள், வலது தோள் ரெண்டையும் மூடி, முன்னால் இழுத்து, ஒழுங்காக. பொத்தியிருந்த கைகளை மெதுவாக விலக்கி, அந்த விரலைத் தன் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையைச் சாய்த்து, வெளிச்சத்தில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

“எறும்பு நல்லா வந்திருக்கு, குத்தாலம்.”

சித்தப்பாவைப் பேர்சொல்லிக் கூப்பிட்டதைக் கூட்டம் செல்லம் என்று எடுத்துக்கொண்டது. கைதட்டல் மழைபோல விழுந்தது, நிற்க ரொம்ப நேரமானது. அது நிற்பதற்குள் பேராச்சி மேடையிலிருந்து இறங்கி, பந்தலைக் கடந்து, காலைக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை என்று நினைவு வந்தவளாக, பஸ் ஸ்டாண்டுக் கடைகள் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

வாத்தியார் அதன்பிறகு ஆறு வருஷம் இருந்தார். ஆறு வருஷமும் வலது கையை வேட்டிக்குள்ளோ துண்டுக்குள்ளோ வைத்தபடி இடது கையால்தான் சாப்பிட்டார். அது வாதம் என்று ஊர் சொல்லிக்கொண்டது. வெள்ளிக்கிழமை தோறும் ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தோப்புத் தெருவையே பார்த்திருப்பார். யாரும் வரவில்லை.